மண்ணிலிருந்து உயிர்: அறிவியலும் கிறிஸ்தவ விசுவாசமும்



அறிவியலும் சமயமும் சந்திக்கும் இடங்களைப் பற்றி ஆண்டுக்கு ஒரு முறையாவது நிதானமாகப் பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை ஏற்படுத்தியவர்களின் விருப்பம். இந்த ஆண்டு அந்தப் பொறுப்பை என்னிடம் தந்ததற்கு நன்றி சொல்லுகிறேன். நான் உயிர்வேதியியல் கற்பித்தவன். கிறிஸ்தவ விசுவாசத்தில் வளர்ந்து, அதிலேயே நிலைத்திருப்பவன். வகுப்பறையிலும் ஆலயத்திலும் என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: உயிர் எப்படித் தோன்றியது என்பதை அறிவியல் கண்டுபிடித்துவிட்டால் கடவுளுக்கு என்ன வேலை இருக்கும்?

ஆலயத்தில் இதை அச்சத்தோடு கேட்கிறார்கள். வகுப்பறையில் சிலர் உற்சாகத்தோடு கேட்கிறார்கள். இரு சாராரும் ஒரே எண்ணத்தின் மேல்தான் நிற்கிறார்கள். உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தோன்ற முடியாது என்பதே கடவுள் நம்பிக்கைக்கு ஆதாரம், அது தகர்ந்தால் நம்பிக்கையும் தகரும் என்பது அந்த எண்ணம். இந்த எண்ணம் கிறிஸ்தவ மரபின் மூலத்தில் இல்லை என்பதே இன்று நான் சொல்ல வந்தது. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் திருச்சபையின் பெரிய சிந்தனையாளர்கள் இதற்கு நேர்மாறாகவே நம்பினார்கள். அவர்கள் விசுவாசம் அதனால் சிறிதும் ஆட்டம் காணவில்லை.

திருச்சபைத் தந்தையர் கண்ட உலகம்

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைக் கவனமாக வாசித்தவர்களுக்கு ஒரு செய்தி தெரியும். செடிகொடிகளும் விலங்குகளும் தோன்றும் இடத்தில் கடவுள் பூமியை நோக்கிக் கட்டளையிடுகிறார். பூமியே முளைப்பிக்க வேண்டும், பூமியே உயிர்களைப் பிறப்பிக்க வேண்டும் என்கிறார். நீருக்கும் அதே கட்டளை. படைப்பவர் கடவுள், பிறப்பிப்பது மண்ணும் நீரும். இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் உருவாகும்போதும் பூமியின் மண்ணே எடுக்கப்படுகிறது.

4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியார் ஆறு நாள் படைப்பைப் பற்றித் தம் சபையாருக்குத் தொடர் பிரசங்கம் செய்தார். பூமிக்குக் கொடுக்கப்பட்ட அந்தக் கட்டளை இன்றும் செயல்படுகிறது என்று அவர் விளக்கினார். மழைக்குப் பின் மண்ணிலிருந்து வெட்டுக்கிளிகள் தோன்றுகின்றன, எகிப்தின் தேபே நகரத்தில் வெப்பகால மழைக்குப் பிறகு வயல்கள் எலிகளால் நிறைகின்றன, சேற்றிலிருந்து விலாங்கு மீன்கள் பிறக்கின்றன என்றார். அரிஸ்டாட்டில் காலம் முதல் கற்றவர்கள் ஏற்றுக்கொண்டிருந்த கருத்துத்தான் இது. தான்தோன்றல் கொள்கை என்று பின்னாளில் இதற்குப் பெயர் வந்தது. ஆயரின் வாயில் இது கடவுளை மறுக்கும் கூற்றாக ஒலிக்கவில்லை. கடவுளின் சொல்லுக்கு மண் இன்றும் கீழ்ப்படிகிறது என்பதற்குச் சான்றாகவே ஒலித்தது.

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீனார் இன்னும் ஆழமாகச் சென்றார். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு அவர் எழுதிய விரிவான உரையில், கடவுள் உலகத்துக்குள் வித்துகளைப் போன்ற ஆற்றல்களை ஆதியிலேயே வைத்தார் என்றும், உரிய காலமும் சூழலும் வரும்போது அவை வெளிப்படுகின்றன என்றும் கூறினார். அழுகும் உடல்களில் புழுக்கள் தோன்றுவதையும் அவர் இவ்வாறே விளக்கினார். அதே நூலில் விசுவாசிகளுக்கு ஒரு கடுமையான எச்சரிக்கையும் விடுத்தார். வானம், பூமி, விண்மீன்கள், விலங்குகள் பற்றி முறையாகக் கற்ற ஒருவர் முன்னால், வேதத்தைச் சான்று காட்டி ஒரு கிறிஸ்தவர் தவறாகப் பேசுவது பெரும் தீங்கு என்றார். கண்ணுக்குத் தெரிந்த காரியத்திலேயே இவர்கள் பிழைபடுகிறார்கள் என்றால், உயிர்த்தெழுதலைப் பற்றி இவர்கள் சொல்வதை அந்த மனிதர் எப்படி நம்புவார் என்பது அவருடைய கேள்வி. இன்றைய நம் பிரசங்க பீடங்களுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதற்குத் தத்துவ வடிவம் கொடுத்தார். கடவுள் முதல் காரணர். படைக்கப்பட்ட பொருள்கள் இரண்டாம் நிலைக் காரணங்கள். கடவுள் செய்வது ஒரு பாதி, இயற்கை செய்வது மறு பாதி என்று பங்கு பிரிப்பதை அவர் ஏற்கவில்லை. முழுச் செயலும் கடவுளுடையது. முழுச் செயலும் இயற்கையுடையது. இரண்டும் வெவ்வேறு தளங்களில் உண்மை. புதிய உயிரினங்கள் அழுகலிலிருந்து தோன்றினால்கூட, ஆதியில் பொருள்களுக்கு அளிக்கப்பட்ட ஆற்றலாலேயே அவை தோன்றுகின்றன என்று அவர் எழுதினார்.

சேற்றில் விலாங்கு பிறக்கும் என்பது தவறு. அந்த உயிரியலை இன்று யாரும் காக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இறையியல் நிற்கிறது. உயிரற்றதிலிருந்து உயிர் வருகிறது என்று கேட்டபோது அவர்கள் கலங்கவில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குருமார்களின் வழக்கு

தான்தோன்றல் கொள்கையின் மேல் முதல் பலமான அடி 1668இல் விழுந்தது. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து அரசவை மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி, இறைச்சித் துண்டுகளைச் சாடிகளில் வைத்தார். திறந்த சாடிகளில் புழுக்கள் வந்தன. மெல்லிய துணியால் மூடிய சாடிகளில் இறைச்சியில் புழு வரவில்லை. ஈயின் முட்டையிலிருந்தே புழு வருகிறது என்பது தெளிவாயிற்று. ஆனால் நுண்ணோக்கி வந்தபின் வழக்கு மீண்டும் திறந்தது. புழு ஈயிலிருந்து வருகிறது, சரி. நீர்த்துளியில் நெளியும் இந்த நுண்ணுயிர்கள் எங்கிருந்து வருகின்றன?

1748இல் ஜான் டர்பர்வில் நீடம் என்ற ஆங்கிலேயர், ஆட்டிறைச்சிச் சாற்றைச் சூடாக்கிக் குடுவையில் அடைத்து வைத்துப் பார்த்தார். சில நாள்களில் அது நுண்ணுயிர்களால் நிறைந்தது. பொருளுக்குள்ளேயே ஓர் உயிராக்கும் ஆற்றல் இருக்கிறது என்று முடிவு செய்தார். இந்த நீடம் ஒரு கத்தோலிக்கக் குரு. லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரான முதல் கத்தோலிக்கக் குருவும் அவரே.

அவரை மறுத்தவர் இத்தாலியரான லாசரோ ஸ்பல்லன்சானி. 1765இல் அவர் தம் ஆய்வுகளை வெளியிட்டார். குடுவைகளின் வாயை உருக்கி மூடி, நெடுநேரம் கொதிக்க வைத்தால் உள்ளே எதுவும் தோன்றுவதில்லை என்று காட்டினார். அவரும் குருவே. அதிகமாகக் கொதிக்க வைத்து அந்த ஆற்றலையே அழித்துவிட்டீர்கள் என்று நீடம் பதில் சொன்னார்.

இந்த வழக்கில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைக் கவனியுங்கள். உயிர் தானே தோன்றும் என்று சொன்னவர் ஒரு குரு. தோன்றாது என்று சொன்னவரும் ஒரு குரு. நீடத்தின் கருத்து நாத்திகத்துக்கு வழி திறந்துவிடும் என்று அஞ்சி அவரைக் கடுமையாக எள்ளி நகையாடியவரோ, திருச்சபையின் பெரும் விமர்சகரான வால்டேர். அவர் அஞ்சியதும் நடந்தது. 1770இல் வெளிவந்த பரோன் தோல்பாக்கின் நாத்திக நூல், நீடத்தின் சோதனையைத் தனக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது. ஒரு குருவின் ஆய்வு கடவுள் மறுப்பின் கொடியாயிற்று. உயிரின் தோற்றம் விசுவாசத்தின் எல்லைக்கோடு என்ற எண்ணம் இந்தக் காலத்தில்தான் வேர் பிடித்தது.

பாஸ்டரின் குடுவைகள்

1859இல் ரூவான் நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர் பெலிக்ஸ் பூஷே, தான்தோன்றலை நிலைநாட்டும் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அவரை எதிர்த்து லூயி பாஸ்டர் களம் இறங்கினார். நீண்டு வளைந்த அன்னக் கழுத்துக் குடுவையை அவர் பயன்படுத்தியதை நம் பள்ளிப் பாடநூல்கள்வரை சொல்லுகின்றன. காற்று உள்ளே போகலாம். தூசி வளைவில் தங்கிவிடும். கொதிக்க வைத்த சாறு கெடாமல் இருந்தது. 1860இல் அவர் மூடிய குடுவைகளை வெவ்வேறு உயரங்களுக்குக் கொண்டுபோய்த் திறந்தார். ஜூரா மலையடிவாரத்தில் திறந்த 20 குடுவைகளில் 8 கெட்டன. மலைமேல் திறந்த 20இல் 5. ஆல்ப்ஸின் மேர் த கிளாஸ் பனிப்பாறையருகே திறந்த 20இல் ஒன்றே ஒன்று. காற்றில் தூசி குறையக் குறைய உயிர்களும் குறைந்தன. 1862இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவருக்குப் பரிசளித்தது. 1864 ஏப்ரல் 7 அன்று பாரிஸின் சோர்போனில் அவர் பேசியபோது பெருங்கூட்டம் கூடியது. பொருள் தானே உயிராகும் என்றால் கடவுள் எதற்கு என்று கேட்போர் இருப்பதை அவரே அந்த மேடையில் எடுத்துச் சொன்னார். ஆயினும் தம் முடிவு சோதனையின் மேல்தான் நிற்கிறது என்றார்.

கதை அங்கே முடியவில்லை. பூஷே வைக்கோல் ஊறிய நீரைப் பயன்படுத்தினார். அவருடைய குடுவைகளில் உயிர்கள் வந்துகொண்டே இருந்தன. அவர் பொய் சொல்லவில்லை. வைக்கோலில் வாழும் ஒரு வகை பாக்டீரியா, கொதிநிலையையும் தாங்கும் கடினமான ஸ்போர்களை உண்டாக்குகிறது என்பதை 1876இல்தான் பெர்டினாண்ட் கோன் விளக்கினார். விசுவாசமோ அவிசுவாசமோ அந்த வழக்கைத் தீர்க்கவில்லை. பொறுமையான உழைப்பு தீர்த்தது.

பாஸ்டர் நிரூபித்தது எது, நிரூபிக்காதது எது என்பதில் நாம் கவனமாக இருக்க வேண்டும். இன்றைய சூழலில், ஒரு குடுவையில், சில நாள்களில் நுண்ணுயிர் புதிதாகத் தோன்றுவதில்லை என்பதை அவர் காட்டினார். உயிர்களே இல்லாத, ஆக்சிஜன் அநேகமாக இல்லாத ஆதிப் பூமியில், கோடிக்கணக்கான ஆண்டுகளில் என்ன நடந்திருக்கும் என்பது அவருடைய குடுவைக்குள் அடங்காத கேள்வி. உயிர் உயிரிலிருந்தே வரும் என்று பாஸ்டர் நிரூபித்துவிட்டார், ஆகவே கடவுள் நேரே தலையிட்டே முதல் உயிரை உண்டாக்கினார் என்று பிரசங்கிப்பவர்கள் அவர் சொல்லாததை அவர் தலையில் சுமத்துகிறார்கள்.

இன்று தெரிந்திருப்பவை

டார்வின் 1859இல் தம் நூலை வெளியிட்டபோது முதல் உயிரின் தோற்றத்தை அதில் விளக்க முயலவில்லை. 1871இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், அம்மோனியாவும் பாஸ்பேட்டும் வெப்பமும் மின்சாரமும் சேர்ந்த ஏதோ ஒரு சிறு வெந்நீர்க் குட்டையில் அது நிகழ்ந்திருக்கலாமோ என்று ஊகம் மட்டும் செய்தார். 1924இல் ரஷ்யாவில் ஓபாரினும், 1929இல் இங்கிலாந்தில் ஹால்டேனும் தனித்தனியே அந்த ஊகத்துக்கு வேதியியல் வடிவம் கொடுத்தார்கள். ஹால்டேன் பிற்பாடு நம் நாட்டுக்கே வந்து, கல்கத்தாவிலும் புவனேசுவரத்திலும் பணியாற்றி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானவர்.

1953இல் சிகாகோவில் ஹெரால்டு யூரியின் மாணவர் ஸ்டான்லி மில்லர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் கருவிக்குள் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். ஒரு வாரத்தில் நீர் செம்பழுப்பாக மாறியது. அதில் கிளைசின், அலனின் முதலிய அமினோ அமிலங்கள் இருந்தன. ஆதிப் பூமியின் காற்று மில்லர் நினைத்ததைப் போன்றதுதானா என்ற ஐயம் பின்னர் எழுந்தது. ஆனால் 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லிலேயே அமினோ அமிலங்கள் கிடைத்தன. பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023இல் கொண்டுவரப்பட்ட மண்ணை ஆராய்ந்தவர்கள், பூமியின் உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14ஐயும், டி.என்.ஏ, ஆர்.என்.ஏ இரண்டுக்கும் வேண்டிய ஐந்து காரங்களையும் அதில் கண்டதாக 2025இல் அறிவித்தார்கள்.

1980களில் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் ஆகியோர் ஆர்.என்.ஏ மூலக்கூறே நொதியாகவும் செயல்படும் என்று கண்டு, 1989இல் நோபல் பரிசு பெற்றார்கள். செய்தியைத் தாங்குவதும் வேலையைச் செய்வதும் ஒரே மூலக்கூறால் முடியும் என்றால், முட்டை முந்தியா கோழி முந்தியா என்ற சிக்கலுக்கு ஒரு வழி தெரிகிறது. பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாறைகளில் நுண்ணுயிர்கள் விட்டுச் சென்ற படிவங்கள் சுமார் 350 கோடி ஆண்டுகள் பழையவை.

செங்கற்கள் கிடைப்பது வீடு கட்டி முடிந்ததாகாது. சவ்வும் வளர்சிதை மாற்றமும் மரபுச் செய்தியும் எப்படி ஒன்றுகூடி முதல் செல் ஆயின என்பது இன்னும் தீராத கேள்வி. எந்த ஆய்வகமும் வெறும் வேதிப் பொருள்களிலிருந்து உயிரை உருவாக்கவில்லை. மில்லரின் சோதனையோடு கதை முடிந்துவிட்டது என்று மாணவர்களிடம் சொல்லும் ஆசிரியர், அறிவியலுக்கு நேர்மை செய்யவில்லை. தீராத கேள்வியைக் காட்டி, இங்கேதான் கடவுள் இருக்கிறார் என்று சொல்லும் போதகர் கடவுளுக்கு நேர்மை செய்யவில்லை.

இடைவெளியில் வைக்கப்பட்ட கடவுள்

இந்தக் கடைசிப் பிழையை முதலில் கண்டித்தவர்கள் விசுவாசிகளே. ஸ்காட்லாந்து நற்செய்தியாளர் ஹென்றி டிரம்மண்ட், 1894இல் வெளியிட்ட நூலில், அறிவின் இடைவெளிகளைத் தேடித் தேடிக் கடவுளால் நிரப்புபவர்களைக் கடிந்துகொண்டார். நாஜிகளின் சிறையிலிருந்து டயட்ரிக் போன்ஹோபர் 1944இல் எழுதிய கடிதம் ஒன்றிலும் இதே கவலை இருக்கிறது. அறிவு வளர வளர அந்தக் கடவுள் பின்வாங்கிக்கொண்டே இருப்பார். நமக்குத் தெரியாதவற்றில் அல்ல, தெரிந்தவற்றில் கடவுளைக் காண வேண்டும் என்றார் அவர். ஆக்ஸ்போர்டின் சார்லஸ் கூல்சன், மெதடிஸ்ட் பிரசங்கியாரும் கோட்பாட்டு வேதியியலாளருமானவர், 1950களில் இதையே விரிவாக வாதிட்டார்.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பெல்ஜியக் குரு ஜார்ஜ் லெமேத்ர். பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்ற கருத்தை 1931இல் முன்வைத்தவர் அவர். 1951 நவம்பரில் திருத்தந்தை 12ஆம் பயஸ், நவீன வானியல் படைப்பின் தொடக்கத்துக்கே சாட்சி சொல்வதுபோல் இருக்கிறது என்று பேசினார். எந்தக் குருவும் மகிழ்ந்திருப்பார். லெமேத்ரோ வருந்தினார். தம் கோட்பாடு இயற்பியல். அதை வைத்து விசுவாசத்தை நிரூபிக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம் என்பது அவர் நிலை. மறு ஆண்டு உரோமையில் வானியலாளர்களிடம் பேசியபோது திருத்தந்தை அந்த வாதத்தை மீண்டும் எடுக்கவில்லை.

அமெரிக்காவில் 1981இல் ஆர்கன்சா மாநிலம், பரிணாமத்துக்குச் சம அளவில் படைப்பு அறிவியலைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களில் முதல் பெயர் ஒரு மெதடிஸ்ட் போதகருடையது. கத்தோலிக்க, ஆங்கிலிக்க மரபு ஆயர்களும் அவரோடு நின்றார்கள். 1982 ஜனவரியில் சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில் அறிவார்ந்த வடிவமைப்பு என்ற புதுப் பெயரோடு அதே வாதம் வந்தது. பாக்டீரியாவின் கசையிழை படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்று அந்த வாதத்தின் ஆதரவாளர் மைக்கேல் பீகி சாட்சி சொன்னார். அதன் உறுப்புகளில் ஒரு பகுதி மட்டுமே தனியாக வேறு வேலை செய்வதை எடுத்துக்காட்டி மறுத்தவர், கத்தோலிக்க விசுவாசியான உயிரியலாளர் கென்னத் மில்லர். நீதிபதி ஜான் ஜோன்ஸ், அந்தக் கருத்து அறிவியல் அன்று என்று தீர்ப்பளித்தார். பரிணாமம் கடவுள் நம்பிக்கைக்கு எதிரானது என்ற அனுமானமே தவறு என்றும் எழுதினார்.

அற்புதம் எதற்கு

அப்படியானால் இயற்கைக்கு அப்பாற்பட்டதற்கு இடமே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். அறிவியல் தன் விளக்கத்துக்குள் கடவுளைக் கொண்டுவருவதில்லை. அது அதன் முறை. அந்த முறையைக் கொண்டு கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வர இயலாது. சோதனைக்கு உட்படாததை ஒதுக்கி வைத்துத்தான் அறிவியல் வேலையைத் தொடங்குகிறது. தொடக்கத்தில் ஒதுக்கி வைத்ததை, கடைசியில் காணவில்லை என்று அறிவிப்பது நியாயமாகாது.

கிறிஸ்தவர்கள் அற்புதத்தை நம்புகிறோம். நானும் நம்புகிறேன். ஆனால் நற்செய்திகளில் அற்புதம் எப்படி வருகிறது என்று பாருங்கள். அது ஓர் அடையாளம். பசித்தவர்கள், பார்வையற்றவர்கள், அழுகிறவர்கள் முன்னால் நிகழ்கிறது. பார்ப்பவரை அழைக்கிறது, பதில் கேட்கிறது. 350 கோடி ஆண்டுகளுக்கு முன், பார்க்க ஒரு கண்ணும் இல்லாத கடலில் நிகழ்ந்தது யாருக்கு அடையாளம்? உயிர்த்தெழுதலை நம்புவதற்கும், முதல் செல் வேதியியல் வழியில் வந்ததா என்பதற்கும் தொடர்பே இல்லை. முன்னதைக் காக்கப் பின்னதை மறுத்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் இரண்டையும் பலவீனப்படுத்துகிறார்கள்.

நம் வாழ்க்கையில் இந்தத் தெளிவு ஏற்கெனவே இருக்கிறது. தாயின் வயிற்றில் நம்மை உருவாக்கியவர் கடவுள் என்று நாம் நன்றி செலுத்துகிறோம். கரு எப்படி வளர்கிறது என்பதை ஸ்கேன் படத்தில் வாரக் கணக்கில் பார்க்கவும் செய்கிறோம். கருவியலைப் படித்துவிட்டோம் என்பதற்காக எந்தத் தாயும் நன்றியை நிறுத்துவதில்லை. திருநெல்வேலிச் சபைகளில் அறுப்பின் பண்டிகைக்கு நெல்லும் வாழைத்தாரும் கொண்டுவந்து படைக்கும் விவசாயிக்கு, விதை முளைப்பதன் காரணம் நன்றாகவே தெரியும். ஒரு குழந்தையின் தொடக்கத்தில் நாம் காணாத முரண்பாட்டை, உயிரின் தொடக்கத்தில் மட்டும் ஏன் காண வேண்டும்?

1996 அக்டோபரில் திருத்தந்தை 2ஆம் ஜான் பால், பரிணாமக் கோட்பாடு வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று வத்திக்கானின் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். மனித ஆன்மாவின் மதிப்பை வேதியியலுக்குள் கரைத்துவிடக் கூடாது என்றும் அதே மடலில் வற்புறுத்தினார். உயிர் எப்படி வந்தது என்பது ஆய்வகத்தின் கேள்வி. உயிர் ஏன் மதிப்புடையது, பலவீனரை ஏன் காக்க வேண்டும், ஏதுமே இல்லாமல் போகாமல் ஏன் இத்தனை இருக்கின்றன என்பவை வேறு வகைக் கேள்விகள். இவற்றுக்கு விடை சொல்லும் கடமை விசுவாசத்துக்கு உண்டு.

இங்கே இருக்கும் போதகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஞாயிறு பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம், உயிரின் தோற்றத்தை யாராலும் விளக்க முடியாது, ஆகவே கடவுள் உண்டு என்று கற்பிக்காதீர்கள். அவள் நாளைக்கு உயிர்வேதியியல் படிக்க வருவாள். ஒரு புதிய ஆய்வுக் கட்டுரையை வாசித்த நாளில், நீங்கள் கொடுத்த கடவுளை இழப்பாள். வகுப்பறையில், கடவுள் நம்பிக்கையை விட்டுவிட்டுத்தான் அறிவியலுக்குள் வர வேண்டும் என்று எந்த மாணவனிடமும் சொல்லாதீர்கள். அறிவியல் அப்படிக் கேட்டதில்லை. மண்ணுக்கு உயிரைப் பிறப்பிக்கும் ஆற்றல் உண்டு என்று ஒருநாள் ஐயமறத் தெரியவந்தால், பசிலியாரும் அகுஸ்தீனாரும் கலங்கியிருக்க மாட்டார்கள். அந்த ஆற்றலைக் கொடுத்தவரைப் புகழ்ந்திருப்பார்கள். அந்தத் துணிவு நம் மரபின் சொத்து. அதை மீட்டுக்கொண்டு, நம் பிள்ளைகளை ஆய்வகத்துக்கு அச்சமின்றி அனுப்புவோம்.